துளையின் கணக்கு



திருச்செங்கோட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் தறியின் ஒலி கேளாத நாள் அரிது. ஆதலால் பாவு, ஊடை என்னும் சொற்களை உங்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. நெடுக ஓடும் நூல் பாவு. குறுக்கே ஓடும் நூல் ஊடை. இவ்விரண்டும் மேலும் கீழுமாய் இணைந்து துணியாகின்றன. ஆனால் தறியே இல்லாமல், ஒரே நூலைக் கொண்டு, இரண்டு ஊசிகளால் ஆடை ஆக்கும் கலையும் ஒன்று உண்டு. அதுவே கைப்பின்னல். அக்கலையின் மிக நுண்ணிய வகையாகிய லேஸ் சால்வையைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

கைப்பின்னலில் நூல் வளைந்து வளைந்து கண்ணிகளாக ஊசியின்மேல் அமர்ந்திருக்கிறது. இடக்கை ஊசியிலுள்ள கண்ணிக்குள் வலக்கை ஊசியை நுழைத்து, நூலை இழுத்துப் புதிய கண்ணி ஒன்றை ஆக்குகிறோம். பழைய கண்ணி ஊசியை விட்டு இறங்குகிறது. இவ்வாறு வரிசைமேல் வரிசையாகப் பின்னினால் கிடைப்பது அடர்ந்த ஆடை. அது லேஸ் ஆவது எப்படி? துளை வேண்டிய இடத்தில், கண்ணிக்குள் நுழையாமல், நூலை வெறுமனே ஊசியின்மேல் ஒரு முறை சுற்றிக்கொள்ள வேண்டும். திரும்பி வரும் வரிசையில் அச்சுற்றும் ஒரு கண்ணியாகப் பின்னப்படும். அதன் அடியில் ஓர் அழகிய துளை நின்றுவிடும். ஆணும் பெண்ணும் ஓருருவாய் நிற்கும் அர்த்தநாரீசுவரரை மலைமேல் கண்டவர்கள் நீங்கள். லேஸும் அத்தகையதே. இழை ஒரு பாதி. வெளி மற்றொரு பாதி.

இங்கேதான் கணக்கு வருகிறது. சுற்று ஒன்று சேர்ந்தால் கண்ணி ஒன்று கூடுகிறது. 60 கண்ணிகள் உள்ள வரிசையில் 10 துளைகள் இட்டால் கண்ணிகள் 70 ஆகும். அத்தகைய வரிசைகள் பத்து வந்தால் 160 ஆகிவிடும். சால்வை விசிறிபோல் விரிந்து உருக்கெடும். ஆகவே ஒவ்வொரு துளைக்கும் ஈடாக, அருகில் எங்கேனும் இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்னுதல் வேண்டும். ஈடில்லாத துளை உருவைக் குலைக்கும் என்பதே இக்கலையின் முதல் விதி. சேர்க்கும்போது எந்தக் கண்ணி மேலே அமைகிறதோ, அதற்கேற்ப இழை வலப்புறமோ இடப்புறமோ சாயும். துளைகளையும் இச்சாய்வுகளையும் கொண்டே இலையும் கொடியும் அலையும் உருப்பெறுகின்றன.

முக்கோணச் சால்வையோ வேண்டுமென்றே இக்கணக்கை மீறுவது. ஏழு கண்ணிகளில் தொடங்கி, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை நான்கு கண்ணிகளைக் கூட்டினால், 100 வரிசைகளின் முடிவில் 207 கண்ணிகள் இருக்கும். வளர்ச்சியே அங்கு வடிவம் ஆகிறது.

கோலம் அறிந்தவர்க்குச் சால்வையின் வடிவத்தை அமைப்பது எளிது. கட்டம் இட்ட தாளில் ஒரு கட்டத்தை ஒரு கண்ணியாகக் கொள்ளுங்கள். துளைக்கு ஒரு குறி, சேர்ப்புக்கு ஒரு குறி இடுங்கள். 12 கட்டங்களில் ஓர் இலை முடியுமானால், 60 கண்ணிகளில் அது ஐந்து முறை வரும். 64 கண்ணிகளில் நான்கு எஞ்சி நிற்கும். அந்நான்கையும் இரு கரைகளுக்கும் இரண்டிரண்டாகப் பங்கிடலாம். புள்ளி தப்பினால் கோலம் தப்புவது போலவே இதுவும். ஒரு கண்ணி நழுவினால் பல வரிசைகள் அவிழ்ந்துபோகும். அதனால் அறிந்தவர்கள் சில வரிசைகளுக்கு ஒரு முறை எல்லாக் கண்ணிகளின் வழியாகவும் வேறு நிற நூல் ஒன்றைக் கோத்து வைப்பர். தவறு நேர்ந்தால் அந்நூல் வரையில் அவிழ்த்தால் போதும்.

பின்னி முடித்த கம்பளிச் சால்வை முதலில் கசங்கிய துணிபோல்தான் காணும். அதை நீரில் நனைத்து, பிழியாமல் ஒற்றி, இழுத்து விரித்து, ஓரங்களில் ஊசி குத்தி உலர விட வேண்டும். அப்போதுதான் துளைகள் கண் திறக்கும்.

இனி மற்றொரு கணக்கு. 300 கண்ணிகள் வீதம் 400 வரிசைகள் என்றால் 1,20,000 கண்ணிகள். நிமிடத்திற்கு 20 கண்ணிகள் பின்னினால் 6,000 நிமிடங்கள், அதாவது 100 மணி நேரம் ஆகும். இந்த 100 மணி நேரத்திற்கு ஈடு எது?

இக்கேள்விக்கு வரலாறு தரும் விடைகள் சில. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவுகள் உள்ளன. அங்குள்ள அன்ஸ்ட் தீவின் பெண்கள் 19ஆம் நூற்றாண்டில் பின்னிய பெரிய சால்வை, ஒரு திருமண மோதிரத்தின் வழியே நுழைந்து வரும் அளவுக்கு மெல்லியது. ஆயினும் வணிகர்கள் பெரும்பாலும் ரொக்கம் கொடாமல், தேயிலையும் துணியுமாகவே கூலி கொடுத்தனர். 1872இல் பிரிட்டிஷ் அரசு இம்முறையைப் பற்றி விசாரணை நடத்தியபோது, பின்னற்காரப் பெண்களே சாட்சி கூறினர். உலகம் வியந்த சால்வையைப் பின்னியவர்க்குக் கையில் காசு இல்லை!

நம் நாட்டிலும் ஒரு வரலாறு உண்டு. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் அங்குள்ள பெண்களுக்கு லேஸ் வேலையைக் கற்பித்தார். அது ஊசிப் பின்னல் அன்று; திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் பின்னும் முறை. அவர் மகளும் அறிஞர் கால்டுவெல்லின் மனைவியுமான எலிசா அம்மையார் அதை இடையன்குடிக்குக் கொண்டு சென்றார். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல்தான் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே, அடிமைப் பெண்கள் சிலர் லேஸ் வருமானத்தைக் கொண்டு தம் விடுதலையைப் பெற்றனர் என்று சமயத் தொண்டர்களின் வரலாறுகள் கூறுகின்றன. அங்கே நூல், தளையை அறுத்தது.

நம் திருச்செங்கோட்டுக்கு அருகிலும் நூல் இப்பணியைச் செய்தது. 1925இல் இராஜாஜி புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். மழையை நம்பி வாழ்ந்த சுற்றுவட்டார மக்களுக்குக் கதர் நூற்பும் நெசவும் துணைத்தொழில் ஆயின. 1935இல் காந்தியடிகளின் வற்புறுத்தலால், நூற்பவர்க்கு உணவுக்கும் உடைக்கும் போதுமான கூலி தர வேண்டும் என்று அகில இந்தியச் சர்க்கா சங்கம் தீர்மானித்தது. அதனால் கதரின் விலை உயரும் என்று அஞ்சியவர்கள் உண்டு. மலிவான கதரைவிட நேர்மையான கூலியே முதன்மையானது என்று காந்தியடிகள் கருதினார்.

மாணவர்களே! கைவேலைப் பொருள் ஒன்றை நீங்கள் விலை பேசும்போது, அதிலுள்ள கண்ணிகளை ஒரு கணம் மனத்தால் எண்ணிப் பாருங்கள். ஈடில்லாத துளை சால்வையைக் கெடுக்கும். ஈடில்லாத உழைப்பு கலையையே கெடுக்கும். விடுமுறையில் இரண்டு ஊசிகளும் ஓர் உருண்டை நூலும் வாங்கி, ஒரு சாண் அகலம் பின்னிப் பாருங்கள். இவ்வுண்மையை உங்கள் விரல்களே உணரும்.