அடுத்த பூட்டுக்கு மட்டும்

இன்னைக்கு எபிசோடை ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்கிறேன். தப்பு என்னோடதுதான்.

சில வருஷம் முன்னாடி, நான் பார்த்துக்கிட்டிருந்த ஒரு சர்வர்ல லினக்ஸைப் புதுசா போட வேண்டியிருந்தது. மெஷின் வேற ஊர் டேட்டா சென்டர்ல. பென் டிரைவ் சொருக அங்க ஆள் இல்லை. அதனால நெட்வொர்க் வழியா பூட் பண்ண வச்சு, தானாவே இன்ஸ்டால் ஆகுற மாதிரி செஞ்சேன். நல்லாவே வேலை செஞ்சது. ஆனா பூட் வரிசையில நெட்வொர்க்கை நிரந்தரமா முதல் இடத்துல வச்சிட்டேன். இன்ஸ்டால் ஆரம்பிச்சதும் பூட் சர்வரை நிறுத்திட்டேன். அதனால அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் நெட்வொர்க்ல பதில் கிடைக்காம, மெஷின் டிஸ்க்குக்கே வந்துக்கிட்டிருந்தது. எனக்கு எந்த வித்தியாசமும் தெரியல.

ஒரு மாசம் கழிச்சு, கூட வேலை பார்த்தவர் வேற ஒரு மெஷினுக்காக அதே பூட் சர்வரை மறுபடி ஓட விட்டார். அன்னைக்கு மதியம் கெர்னல் அப்டேட்டுக்காக நான் நம்ம சர்வரை ரீபூட் பண்ணினேன். அது நெட்வொர்க்கைக் கேட்டது, பதில் கிடைச்சது, சமத்தா டிஸ்க்கை அழிச்சு லினக்ஸை முதல்ல இருந்து போட்டுக்கிச்சு. பேக்கப் முந்தின ராத்திரியோடது. காலையில இருந்து வந்த ஆர்டர் எல்லாம் போச்சு.

சரி, நெட்வொர்க் பூட்னா என்ன? கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் டிஸ்க்கைத் தேடாம, நெட்வொர்க் கார்டு வழியா "எனக்கு ஒரு ஐபி கொடு, எந்த ஃபைல்ல இருந்து தொடங்கணும்னு சொல்லு"ன்னு கத்தும். டிஹெச்சிபி சர்வர் பதில் சொல்லும். அப்புறம் டிஎஃப்டிபி மூலமா ஒரு சின்ன லோடர் வரும், அது கெர்னலைக் கொண்டு வரும். இதுக்குப் பேரு பிஎக்ஸ்இ. இன்டெல் 1999-இல் வெளியிட்ட 2.1 பதிப்புதான் ரொம்ப காலமா அடிப்படை. பழைய பயாஸுக்கும் யூஇஎஃப்ஐக்கும் வேற வேற லோடர் ஃபைல் வேணும். நிறைய பேர் முதல்ல மாட்டுறது இங்கதான்.

இதை மெஷினைத் தொடாம எப்படி ஆன் பண்றது? பெரும்பாலான சர்வர்கள்ல பிஎம்சின்னு ஒரு தனி குட்டி கம்ப்யூட்டர் இருக்கும். டெல்லில் ஐடிராக், ஹெச்பிஇயில் ஐலோன்னு சொல்வாங்க. சர்வர் ஆஃப்ல இருந்தாலும், கரன்ட் இருக்கிற வரைக்கும் அது முழிச்சிருக்கும். ஐபிஎம்ஐடூல் கமாண்டுல, அடுத்த பூட் பிஎக்ஸ்இன்னு அதுகிட்ட சொல்லலாம். பிஎம்சி பாஸ்வேர்டு தெரியாதா? ஓடிக்கிட்டிருக்கிற லினக்ஸ்ல ரூட் அனுமதி இருந்தா, ஐபிஎம்ஐ டிரைவரை லோடு பண்ணி, உள்ளே இருந்தே அதே கமாண்டைக் கொடுக்கலாம், பாஸ்வேர்டையும் மாத்தலாம்.

ரெண்டு விஷயம் கவனிங்க. ஐபிஎம்ஐ விதிப்படி, நீங்க சொன்ன பிறகு 60 விநாடிக்குள்ள ரீசெட் கமாண்ட் வரலைன்னா அந்தக் கட்டளை தானா காலாவதி ஆகிடும். அதனால சொன்ன கையோட ரீசெட்டையும் பிஎம்சி வழியாவே கொடுங்க. இன்னொண்ணு, யூஇஎஃப்ஐ மெஷின்னா அதுக்கான ஆப்ஷனையும் சேர்த்துச் சொல்லணும். இல்லைன்னா சில மெஷின்கள் பழைய பயாஸ் முறைக்குப் போயிடும்.

நான் தப்பு பண்ணின இடமும் இதுதான். ஐபிஎம்ஐடூல் தானா விட்டா ஒரே ஒரு பூட்டுக்குத்தான் மாத்தும். "பெர்சிஸ்டன்ட்"னு நான்தான் சேர்த்தேன். 2015-இல் வந்த ரெட்ஃபிஷ்லயும் "ஒன்ஸ்", "கன்டினியூஸ்"னு ரெண்டும் இருக்கு. எப்பவும் "ஒன்ஸ்" போடுங்க.

பிஎம்சியே இல்லைன்னா? யூஇஎஃப்ஐ சர்வர்ல எஃபிபூட்எம்ஜிஆர் இருக்கு. முதல்ல பட்டியலைப் பாருங்க. நெட்வொர்க் கார்டு அதுல இருந்தா, அந்த எண்ணை "பூட்நெக்ஸ்ட்"ல வைங்க. ஃபர்ம்வேர் அதைப் படிச்சதும் அழிச்சிட்டுத்தான் பூட் பண்ணும். அடுத்த தடவை பழைய வரிசையே.

பட்டியல்லயே நெட்வொர்க் இல்லைன்னா, பெரும்பாலும் பயாஸ் செட்டிங்ல அது ஆஃப்ல இருக்கு. அப்போ ஐபிஎக்ஸ்இ கைகொடுக்கும். அது ஒரு சின்ன ஃபைல். டிஸ்க்ல வச்சு, கிரப் மெனுவில சேர்த்து, கிரப்-ரீபூட் கமாண்டால அடுத்த பூட்டுக்கு மட்டும் தேர்ந்தெடுக்கலாம். ஐபியை அதுக்குள்ளயே எழுதி வச்சிடலாம். கெர்னலை ஹெச்டிடிபியில எடுத்துக்கும். வாடகை சர்வர்ல டிஹெச்சிபி நம்ம கையில இருக்காது, அங்க இது வசதி. செக்யூர் பூட் ஆன்ல இருந்தா மட்டும் கையெழுத்தில்லாத ஐபிஎக்ஸ்இ ஓடாது.

இங்கயும் ஒரு பொறி இருக்கு. பூட் ஆகும்போது "அந்த ஒரு தடவை முடிஞ்சது"ன்னு கிரப் டிஸ்க்ல குறிச்சு வைக்கணும். பூட் பார்ட்டிஷன் எல்விஎம்லயோ சாஃப்ட்வேர் ரெய்டுலயோ இருந்தா கிரப்பால அதுல எழுத முடியாது. அப்போ "ஒரு தடவை"ங்கிறது ஒவ்வொரு தடவையும் ஆகிடும். அப்படிப்பட்ட சர்வர்ல இந்த வழி வேண்டாம்.

ரீசெட் கொடுக்கிறதுக்கு முன்னாடி நான் இப்போ மூணு கேள்வி கேட்டுக்குவேன். கன்சோல் திரை எனக்குத் தெரியுதா? பிஎம்சியில சீரியல் ஓவர் லேன் இருந்தா எழுத்தையாவது பார்க்கலாம். ரெண்டாவது, வர்றது பாதியில தொங்கிட்டா, வெளியில இருந்து கரன்டை ஆஃப் பண்ணி ஆன் பண்ண வழி இருக்கா? மூணாவது, இதெல்லாம் தோத்தா மெஷின் எங்க போய் நிக்கும்? "பழைய டிஸ்க்குக்கு"ங்கிறதுதான் சரியான பதில்.

அதனால முதல் முயற்சியில இன்ஸ்டாலரை அனுப்பாதீங்க. டிஸ்க்கைத் தொடாத ஒரு ரெஸ்க்யூ இமேஜை மட்டும் பூட் பண்ணிப் பாருங்க. உள்ளே போக முடிஞ்சா, ரீபூட் பண்ணி பழைய சிஸ்டம் திரும்ப வருதான்னு பாருங்க. வந்ததுக்கு அப்புறம் இன்ஸ்டாலர். அதுவும், அந்த ஒரு மெஷினோட மேக் முகவரிக்கு மட்டும் பூட் சர்வர் பதில் சொல்ற மாதிரி வைங்க. அன்னைக்கு இதை மட்டும் செஞ்சிருந்தா அந்த ஆர்டர்கள் பிழைச்சிருக்கும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.