சமாதானமும் ஒரு கல்லூரிப் பாடம்

திருப்பலியில் ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவித்துக்கொள்கிறோம். அந்தச் சமாதானத்தைக் கல்லூரியிலே பாடமாகவும் படிக்கலாம் என்றால் நம்மில் பலர் வியப்படைவர். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள மான்செஸ்டர் கல்லூரி, இரண்டாம் உலகப் போர் முடிந்த மூன்றே ஆண்டுகளில், 1948இல், இப்படிப்பைத் தொடங்கியது. அதே மாநிலத்தில், தேவ அன்னையின் பெயர் தாங்கிய நோட்டர் டேம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1986 முதல் இதற்கெனத் தனி நிறுவனமே உண்டு.

அங்கே பட்டப்படிப்பில் முதன்மைப் பாடம் ஒன்று இருக்கும். வேறொரு துறையில் ஐந்தாறு பாடங்களைச் சேர்த்துப் படித்தால் அது துணைப்பாடமாகும். நம் கல்லூரிகளிலும் துணைப்பாடம் உண்டு. ஆனால் பெரும்பாலும் அதைக் கல்லூரியே முடிவு செய்துவிடும். அங்கேயோ மாணவியே பொறுக்கி எடுக்க வேண்டும். "சமாதானம் படித்தால் வேலை கிடைக்குமா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. முதன்மைப் பாடம் கையில் இருப்பதால் அந்தக் கவலை பாதி குறையும்.

எந்த ஐந்தாறு பாடங்கள் என்பதுதான் கேள்வி. தலைப்பில் "அமைதி" என்ற சொல் உள்ளவற்றை மட்டும் எடுப்பது எளிது. ஆனால் அது போதாது என்பது என் எண்ணம். நார்வே நாட்டு அறிஞர் ஜோஹன் கால்டுங், போர் இல்லாத நிலை வேறு, நீதி நிலவும் சமாதானம் வேறு என்று பிரித்துக் காட்டினார். முன்னதற்குப் பேச்சுவார்த்தை நடத்தும் முறைகளைக் கற்க வேண்டும். பின்னதற்கோ நிலம், கூலி, தண்ணீர், சட்டம் எல்லாமே தெரிய வேண்டும்!

லைபீரியாவின் லேமா போவீ என்ற பெண்மணியை எண்ணிப் பாருங்கள். 1989இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் அவருடைய நாட்டைச் சீரழித்தது. போரில் ஈடுபடுத்தப்பட்ட சிறுவர்களின் மனக்காயத்தை ஆற்றும் சமூகப் பணியை அவர் செய்துவந்தார். 2003இல் கிறிஸ்தவப் பெண்களும் இஸ்லாமியப் பெண்களும் அவருடன் வெள்ளுடை அணிந்து, தலைநகர் மன்ரோவியாவின் மீன் சந்தை அருகே நாள்தோறும் அமர்ந்தனர். கானா நாட்டில் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனபோது, மண்டபத்தின் வாயிலை மறித்து உட்கார்ந்துவிட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் உடன்படிக்கை ஏற்பட்டது. பின்னர் அவர் அமெரிக்காவில் இதே துறையில் முதுகலைப் பட்டம் பெற்றார். 2011இல் நோபல் சமாதானப் பரிசும் வந்தது.

அவர் செய்ததிலே உளவியல் இருக்கிறது, இரு சமயங்களைப் பற்றிய அறிவு இருக்கிறது, பேரம் பேசும் திறமையும் இருக்கிறது. ஆகவே, முதலில் ஓர் உண்மையான சச்சரவை மனத்தில் வைத்துக்கொண்டு, அதைப் புரிந்துகொள்ள உதவும் பாடங்களைத் தேடுவதே நல்லது. செவிலியர் படிப்புப் படிப்பவள் மனக்காயம் பற்றிய உளவியலையும் அகதிகளுக்கான சட்டத்தையும் எடுக்கலாம். பொருளாதாரம் படிப்பவளுக்கு நதிநீர்ப் பங்கீடும் அந்தப் பகுதியின் வரலாறும் பொருந்தும். சமய நெறி பற்றிய பாடம் எடுப்பவள், திருத்தந்தை 23ஆம் யோவான் 1963இல் உலக சமாதானம் குறித்து எழுதிய சுற்றுமடலைப் படிக்கலாம். அந்த வட்டாரத்து மொழி ஒன்றையும் சேர்த்துக்கொண்டால், அங்குள்ள மக்கள் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே கேட்க முடியும்.