பல் பிடுங்கிவிட்டு வண்டி ஓட்டலாமா?

ஞானப்பல் எடுக்க வருகிறவர்களில் பலர் தனியாக பைக்கில்தான் வருகிறார்கள். அரை மணி நேர வேலைதானே என்ற நினைப்பு. ஆனால் வீடு திரும்புவது எப்படி என்பதை நாற்காலியில் உட்காரும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். என்ன மருந்து உள்ளே போகிறது என்பதைப் பொறுத்தது அது.

மரப்பு ஊசி மட்டும் என்றால்

லிக்னோகெயின் ஊசி தாடை நரம்பைத்தான் மரக்கச் செய்கிறது, தூக்கம் தருவதில்லை. உதடும் நாக்கும் 3 முதல் 5 மணி நேரம் மரத்திருந்தாலும் பெரும்பாலானோரால் வண்டி ஓட்ட முடியும். ஆனாலும் உடனே சாவியை எடுக்காதீர்கள். பயத்திலும் பசியிலும் எழுந்ததும் தலைசுற்றி விழுகிறவர்கள் உண்டு. பஞ்சைக் கடித்தபடி அரை மணி நேரமாவது அங்கேயே உட்காருங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். காலையில் இன்சுலின் போட்டாயிற்று. வாய் மரத்திருப்பதால் சாப்பிடவில்லை. நடுவழியில் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், பார்வை மங்கும். சாப்பாடு, இன்சுலின் இரண்டையும் பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மயக்க மருந்து கொடுத்திருந்தால்

மிடாசோலம் போன்ற மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றினால் 24 மணி நேரம் வண்டியைத் தொடக்கூடாது. முழு மயக்கம் என்றால் குறைந்தது 24 மணி நேரம்; மருத்துவர் 48 என்றால் 48தான். ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று நோயாளி சொல்வதை நம்ப வேண்டாம். தெளிந்ததுபோல் பேசுவார்; டாக்டர் சொன்னது எதுவும் மறுநாள் நினைவிருக்காது. அறிவுரைகளைத் துணைக்கு வந்தவர்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வலி மாத்திரை

பாராசிட்டமால் பொதுவாகத் தூக்கம் தராது. டிராமடால், கோடீன் தரும். மயக்க மருந்தின் 24 மணி நேரம் முடிந்திருக்கலாம். ஆனாலும் இந்த மாத்திரைகளால் தூக்கம் வந்துகொண்டிருக்கும்வரை வண்டி வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு மதுவுக்கு மட்டுமானதல்ல. மருந்தின் பிடியில் கட்டுப்பாடிழந்து ஓட்டுவதும் அதில் அடங்கும்.

வீங்கிய கன்னமும் ஹெல்மெட்டும்

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும். முகம் மூடிய ஹெல்மெட் அந்தக் கன்னத்தையே அழுத்தும். வலிக்கிறதென்று பட்டையைத் தளர்த்துவதும், ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு போவதும் தலைக்கு ஆபத்து. கிளம்பும் முன் வீட்டிலேயே ஹெல்மெட்டை மாட்டி, பட்டையை இறுக்கி, இரண்டு பக்கமும் திரும்பிப் பாருங்கள். தாடை வலித்தால் அன்றைக்கும் பஸ்தான்.