உங்களுக்குத் தெரியுமா? கணினியில் பிறந்த வைரஸ் தடுப்பான்

இயற்கையில் எங்குமே இல்லாத, கணினியில் வடிவமைத்த ஒரு குறும்புரதம், ஆய்வகத்தில் கொரோனா வைரஸைச் செல்லுக்குள் நுழையவிடாமல் தடுத்திருக்கிறது!

• பெயர் எல்.சி.பி.1. நீளம் 56 அமினோ அமிலங்கள்தான். வைரஸின் ஸ்பைக் புரதத்திலோ 1,273!

• 2020-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேக்கர் குழு உருவாக்கியது. ஸ்பைக் நம் செல்லைப் பற்றும் அதே இடத்தில் இது முந்திக்கொண்டு ஒட்டிக்கொள்கிறது. தொற்றைப் பாதியாகக் குறைக்க மில்லிலிட்டருக்குச் சுமார் 0.16 நானோகிராம் போதுமாக இருந்தது. அசரவைக்கும் அளவு!

• கணினி எதற்கு? அமினோ அமில வகைகள் 20. பத்தே அமினோ அமிலங்கள் கோத்த ‘பெப்டைடு’ எனும் குறுஞ்சங்கிலிக்கே 10,24,000 கோடி வரிசைகள் சாத்தியம். ஒவ்வொன்றையும் செய்து பார்க்க ஆயுள் போதாது.

• வைரஸ் எதிர்ப்புப் பெப்டைடுகளைக் கணிக்கும் ‘ஏ.வி.பி.பிரெட்’ இணையக் கருவியை 2012-லேயே வெளியிட்டது நம் சண்டிகரின் இம்டெக் ஆய்வு நிறுவனம்.