கண்ணாடி எதுவரை வருகிறது?

புது வீட்டில் பால் காய்ச்சுவதற்குள் இன்டர்நெட் ஆள் வந்து நிற்கிற காலம் இது. 100 மெகாபிட், 200 மெகாபிட் என்று அடுக்குவார். வேகம் இருக்கட்டும், வாசலுக்கு வரும் ஒயர் எது என்று முதலில் பாருங்கள்.

கேபிள் டி.வி.க்காக இழுத்த தடித்த கருப்பு ஒயரில் சிக்னல் மின் அலையாகப் போகிறது, போகிற வழியெல்லாம் கரைகிறது. வீடுகளுக்கு வரும் ஆர்.ஜி.6 ரக ஒயரில் 750 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் 100 மீட்டர் கடந்தால் நூற்றில் இரண்டு பங்குகூட மிஞ்சாது. அதனால்தான் தெருவில் ஆங்காங்கே ஆம்ப்ளிஃபையர் வைக்கிறார்கள். அதற்குக் கரண்ட் வேண்டும். உங்கள் வீட்டு இன்வர்ட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், தெருப்பெட்டி படுத்துவிட்டால் நெட்டும் படுத்துவிடும்.

ஃபைபர் ஒயருக்குள் ஒளியைக் கடத்துவது கண்ணாடி இழை. அந்தக் கண்ணாடியும் ஒரு காலத்தில் இதைவிட மோசம்தான். ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினாலே தொலைத்தொடர்புக்குப் போதும், கண்ணாடியில் உள்ள அழுக்கை நீக்கினால் அது நடக்கும் என்று 1966-இல் இயற்பியலாளர் சார்லஸ் காவ் சொன்னார். 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அந்த எல்லையைத் தாண்டியது. காவுக்கு 2009-இல் நோபல் பரிசு. இன்றைய இழையில் 1,550 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி 15 கிலோமீட்டர் போனாலும் ஏறக்குறைய பாதி மிச்சமிருக்கும்!

வீட்டு ஃபைபரில் பரவலாக உள்ள ஜிபான் முறையில் ஒரே இழைக்குள் இரண்டு ஒளிகள் எதிரெதிராக ஓடுகின்றன: இறங்க 1,490 நானோமீட்டர், ஏற 1,310. இறங்கு வேகம் 2.5 கிகாபிட், ஏறு வேகம் அதில் பாதி. இதை 32 அல்லது 64 வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும். பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே தேவையில்லை. பழைய கேபிள் அமைப்பிலோ ஏறு சிக்னலுக்கு 5 முதல் 42 அல்லது 65 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சந்துதான். படம் பார்க்க அது போதும். ஆளுக்கொரு அறையில் வீடியோ மீட்டிங் நடக்கும் வீட்டில்தான் இழுபறி.

ஃபைபர் என்று விற்பதெல்லாம் வீடுவரை ஃபைபர் அல்ல. சில அடுக்ககங்களில் கண்ணாடி கீழ்த்தளத்து ஸ்விட்சோடு நின்றுவிடும், அங்கிருந்து மேலே வருவது லேன் ஒயர். நுனியைப் பார்த்தாலே தெரியும். டெலிபோன் பின் போல, சற்று அகலமான பிளாஸ்டிக் கிளிப் என்றால் லேன். திருகும் உலோக மூடி, நடுவே கம்பி என்றால் கேபிள். பச்சை அல்லது நீலச் சதுர முனை என்றால் ஃபைபர். அதன் நுனியைக் கண்ணருகே கொண்டுபோக வேண்டாம், உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

கதவிடுக்கில் நசுங்கினாலோ சுவர் மூலையில் மடங்கினாலோ இழையிலிருந்து ஒளி கசியும். ஒயர் இழுத்து முடித்ததும் பவர் மீட்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 20 டி.பி.எம்.-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐத் தாண்டினால், அந்த ஆள் ஏணியை மடக்குவதற்குள் மறுபடி இழுக்கச் சொல்லிவிடுங்கள்.