யாரை நோக்கிப் பாடுவது?

அமெரிக்காவிலே ஒரு யானை இருக்கிறது. காட்டிலும் இல்லை, மிருகக் காட்சிச் சாலையிலும் இல்லை. குழந்தைகளின் கதைப் புத்தகத்தில் இருக்கிறது. அதற்கு ஹார்ட்டன் என்று பெயர். ஒரு நாள் அதன் பெரிய காதிலே மிக மெல்லிய குரல் ஒன்று விழுகிறது. கவனித்துக் கேட்டால், காற்றில் மிதந்து வந்த ஒரு தூசிக்குள்ளே ஓர் ஊரே குடியிருக்கிறது! கண்ணுக்குத் தெரியாத அந்த ஜனங்களைக் காப்பாற்ற யானை படும் பாடுதான் கதை. டாக்டர் ஸூஸ் என்னும் புனைபெயருடைய தியோடர் கைஸெல் 1954-இல் இதை எழுதினார். 1970-இல் அது கார்ட்டூன் படமாயிற்று. 2000-இல் அவருடைய வேறு சில கதைகளுடன் கலந்து நியூயார்க் மேடையில் சங்கீத நாடகமாயிற்று. 2008-இல் மீண்டும் ஒரு பெரிய கார்ட்டூன் படம் வந்தது.

இந்த யானையை வைத்து ஒரு விசித்திரமான தகராறு நடந்தது. எவ்வளவு சிறிய ஜீவனானாலும் அதற்கும் ஓர் ஆளுக்குரிய மதிப்பு உண்டு என்பது கதையில் யானை திரும்பத் திரும்பச் சொல்லும் கருத்து. கருச்சிதைவு எந்தக் காரணத்தினாலும் கூடாது என்று கிளர்ச்சி செய்கிறவர்கள் அந்த வாக்கியத்தைத் தங்களுடைய கொடியாகவே தூக்கிக்கொண்டார்கள். ஒரு சங்கத்தார் தங்கள் கடிதத் தாளிலும் அதை அச்சடித்துவிட்டார்கள். கைஸெல் ஆட்சேபித்தார், கோர்ட்டுக்குப் போவதாகவும் எச்சரித்தார். 1991-இல் அவர் காலமான பிறகும் சச்சரவு ஓயவில்லை. 2008-ஆம் வருஷத்துப் படத்தின் முதல் காட்சியன்றுகூடக் கிளர்ச்சிக்காரர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். குழந்தைகளுக்காக எழுதிய ஒரு வரி, எழுதியவர் கையை விட்டு நழுவி வேறொரு யுத்தத்துக்கு ஆயுதமாகிவிட்டது.

அந்த யானைக்கும், பெரியகுளம் தாலுகாவில் வராக நதிக் கரையில் நாம் வசிக்கும் ஜெயமங்கலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் மீனா என்ற சிறுமியின் மூலமாக வந்தது.

மீனாவும் கார்ட்டூன் குழந்தைதான். தெற்காசிய நாடுகள் 1991 முதல் 2000 வரையுள்ள பத்து வருஷங்களைப் பெண் குழந்தையின் தசாப்தம் என்று கொண்டாடின அல்லவா? அந்தச் சமயத்தில் யூனிஸெப் ஸ்தாபனத்தின் முயற்சியினால் பிறந்தவள் அவள். பம்பாயில் கார்ட்டூன் கலைக்கு மூல புருஷர்களில் ஒருவரான ராம் மோகன் அவளுக்கு உருவம் கொடுத்தார். இந்தியா, பாகிஸ்தான், வங்காள தேசம், நேபாளம் எங்கும் சொந்தப் பெண்ணாகத் தோன்ற வேண்டும் என்று பார்த்துப் பார்த்து அவளுக்கு உடையும் பெயரும் வைத்தார்கள். தம்பி ராஜு, கூட ஒரு கிளி, மிட்டு. ஒரு கதையில் மீனாவைப் பள்ளிக்கு அனுப்பமாட்டேன் என்கிறார்கள். அவள் கிளியை அனுப்புகிறாள்! கிளி பாடம் கேட்டு வந்து அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. எண்ணக் கற்றுக்கொண்ட மீனா கோழிகளை எண்ணிப் பார்க்கிறாள்; ஒன்று குறைகிறது; திருடன் அகப்படுகிறான். இன்னொரு கதையில் மாம்பழத்தைப் பங்கு போடுகிறார்கள். பெரிய துண்டு ராஜுவுக்கு, சிறிய துண்டு மீனாவுக்கு. ஒரே ஒரு நாள் இருவரும் வேலையை மாற்றிக்கொள்கிறார்கள். அன்றைக்கு ராஜுவுக்குத் தெரிந்துவிடுகிறது, வீட்டில் அதிகம் பாடுபடுகிறவர் யார், குறைவாகச் சாப்பிடுகிறவர் யார் என்று.

இக்கதைகள் திரையிலே நிற்கவில்லை. வட நாட்டுப் பள்ளிக்கூடங்களில் மீனா மன்றங்கள் என்று ஏற்படுத்திப் பெண்களே அவற்றை நடித்துக் காட்டுகிறார்கள். மேல்நாட்டிலும் இதுவே இப்போது வழக்கம். 'சிங்க ராஜா' என்ற கார்ட்டூன் படம் 1994-இல் வந்தது. 1997-இல் அது சங்கீத நாடகமாயிற்று. அதை மேடையேற்றிய ஜூலி டேமர் என்னும் அம்மையார், ஜாவா முதலிய தீவுகளில் தங்கி நிழற்பாவைக் கூத்தைக் கற்றவர். நம்முடைய தோற்பாவைக் கூத்துக்கு அது ஒன்றுவிட்ட சகோதரி. நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றுகிறது. டாக்கி வந்த காலத்தில் பவளக்கொடியும் வள்ளி திருமணமும் மேடையிலிருந்து திரைக்கு ஓடின. இப்போது திரையிலிருந்து மேடைக்குத் திரும்பி வருகிறார்கள்.

பள்ளிக்கூட விழாவுக்கு மீனா கதையை இசை நாடகமாக்கலாம் என்று நம் மாணவிகள் சொன்னபோது உடனே சம்மதித்தோம். கிளி வேஷத்துக்குப் பச்சைச் சட்டை போதும். படத்தில் ஆயிரக்கணக்கான சித்திரங்கள் செய்யும் வேலையை மேடையில் ஒரு துடுக்கான குழந்தை செய்துவிடும். இதில் சங்கடம் ஒன்றும் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கதையை நம் ஊருக்காக நீட்டித்ததில்தான் சங்கடம் பிறந்தது. மீனாவின் தாயார் மறுபடியும் கர்ப்பமாக இருக்கிறாள். வயிற்றில் இருப்பது பெண் என்று தெரிந்துவிடுகிறது. கலைத்துவிட வேண்டும் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. அந்த இடத்தில், வயிற்றுக்குள் இருக்கும் சிசு தாயை நோக்கி, என்னைக் கொல்லாதே என்று கதறிப் பாடுகிறது.

இப்படிப்பட்ட பாட்டைக் கேட்காதவர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. ஆண்டு விழாவுக்கு ஆண்டு விழா, கூட்டத்துக்குக் கூட்டம், ராகம் மாறும், முறையீடு மாறுவதில்லை. கேட்பவர் கண்ணில் நீர் வரும். நமக்கும் வரும். ஆனால் மேடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்பதை யோசிக்க வேண்டும்.

நம் பிரதேசத்தின் கதையை மூடி மறைப்பதில் பயனில்லை. ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டி. 1986-இல் ஆங்கிலப் பத்திரிகை ஒன்று அந்தத் தாலுகாவில் நடந்த பெண் சிசுக்கொலையை எழுதி தேசத்தையே திடுக்கிடச் செய்தது. கள்ளிப்பால் என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் நம் பக்கத்தவர் தலை குனிகிறார்கள். 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தமிழ்நாட்டு ஸர்க்கார் 2001-இல் தேனி முதலிய ஜில்லாக்களுக்கும் விரிவாக்கினார்கள். அந்த வருஷத்து ஜனத்தொகைக் கணக்கிலே, ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குத் தேனி ஜில்லாவில் இருந்த பெண் குழந்தைகள் தொள்ளாயிரத்துக்கும் குறைவு. மாகாணம் முழுவதற்கும் சராசரி 942. 2011-இல் நம் ஜில்லாவின் எண் 930-ஐத் தாண்டிற்று.

தேனி அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா இதையே 1994-இல் 'கருத்தம்மா' என்று படமாக எடுத்தார். கொல்லக் கொடுத்த சிசுவை வாங்கிக்கொண்டு போய் வளர்த்து டாக்டராக்குகிறவர் அதிலே ஒரு பள்ளிக்கூட வாத்தியார். எம் தொழிலுக்கு நேர்ந்த அந்தப் பெருமையைச் சொல்லாமல் விட மனமில்லை.

ஆக, நம் நாடகத்தைப் பார்க்க வருகிற தாய்மார்களில், பாட்டிமார்களில், அந்த நாட்களைத் தங்கள் உடம்பிலேயே சுமப்பவர்கள் இருப்பார்கள். மேடையிலிருந்து ஒரு சிசுவின் குரல் அவர்களைப் பார்த்து, நீதான் கொன்றாய் என்று பாடும். ஒத்திகை நடக்கும்போது பேத்தியை அழைத்துப் போக வந்த ஒரு மூதாட்டி, பாட்டு முடிகிற வரையில் வாசற்படியில் நின்று கேட்டாள். பிறகு சொன்னாள்: "ஏன் வாத்தியாரய்யா, எல்லாரும் பெத்தவளையே பாடுறீக. முப்பது பவுனு கேட்டவன் ஒருத்தன் இருந்தானே, அவனுக்கு ஒரு பாட்டும் இல்லையா?"

அந்தக் கிழவி சட்டம் படித்தவள் அல்ல. ஆயினும் சட்டம் அவள் பக்கம்தான் இருக்கிறது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டு சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் நிறைவேறி 1996 ஜனவரியில் அமலுக்கு வந்தது. 2003-இல் திருத்தி இறுக்கப்பட்டது. ஸ்கேன் செய்யும் ஒவ்வோர் இடத்திலும், இங்கே அதைச் சொல்வதில்லை என்று பலகை தொங்க வேண்டும் என்பது அதன் விதி. அதே சட்டத்தில், பலர் கவனியாத ஒரு பிரிவும் உண்டு. கர்ப்பிணி இப்பரிசோதனைக்கு உட்பட்டாளானால், புருஷனோ மற்ற உறவினரோ அவளைக் கட்டாயப்படுத்தினார்கள் என்றே கோர்ட்டு முதலில் கொள்ள வேண்டும்; இல்லை என்று காட்டும் பொறுப்பு எதிர்த் தரப்பினுடையது. சட்டமே தாயைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கி நிறுத்தியிருக்கையில், நாம் பாட்டுப் பாடி ஏற்றுவானேன்?

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. சிசு பாடும் அந்தப் பாட்டிலே, பெண் என்பதற்காகக் கலைப்பது வேறு, மற்றக் காரணங்களுக்காகக் கலைப்பது வேறு என்ற பேதமே கிடையாது. நம் தேசத்தில் 1971-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, தாயின் உயிருக்கோ உடல் மன நலத்துக்கோ ஆபத்து நேரும்போதும், பலாத்காரத்தினால் கர்ப்பம் நேர்ந்தபோதும், தகுதியுள்ள டாக்டர் கருவைக் கலைக்கலாம். 2021-இல் சில வகை ஸ்திரீகளுக்கு இருபத்து நாலு வாரம் வரையில் காலத்தை நீட்டினார்கள். இந்தச் சட்டம் வருவதற்கு முன்னால், கிராமத்து ஸ்திரீகள் குச்சியையும் நாட்டு மருந்தையும் நம்பி உயிரை விட்டது கொஞ்சநஞ்சமல்ல. பயமுறுத்தும் பாட்டைக் கேட்ட பெண் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூசி, மறுபடியும் அந்தக் குச்சியைத் தேடினால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?

எந்தக் கருச்சிதைவும் பாவமே என்று உண்மையாக நம்புகிறவர்களும் நம்மிடையே உண்டு. நம் சாஸ்திரங்கள் பிரூணஹத்தியை மகாபாதகங்களோடு சேர்த்துப் பேசுகின்றன. கிறிஸ்தவ நண்பர்களில் கத்தோலிக்கர்களுடைய சபையின் உறுதியும் தெரிந்ததே. அவர்களுடைய மனச்சாட்சியைப் பரிகசிப்பது நம் நோக்கமன்று. நம்முடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவருக்கே அவ்வெண்ணம் உண்டு. "பெண் என்று தெரிந்தால் மட்டும் துடிக்கிறீர்களே, ஆண் கரு உயிர் இல்லையா?" என்று அவர் கேட்கிறார். கேள்வி கூர்மையானதுதான். ஆனால் நம் பக்கத்தில் பெண்கள் குறைந்ததற்குக் காரணம் கருச்சிதைவு என்ற ஒன்று உலகத்தில் இருப்பதன்று. பெண்ணென்றால் செலவு என்ற கணக்குத்தான் காரணம். கலைக்கும் வசதி இல்லாத காலத்தில் அந்தக் கணக்குப் பிறந்த குழந்தையின் மேல் விழுந்தது. ஸ்கேன் வந்த பிறகு பிறவாத குழந்தையின் மேல் விழுந்தது. ஆகவே பாட்டு அந்தக் கணக்கைத்தான் குறி வைக்க வேண்டும் என்று அவருக்குச் சொன்னோம். அவர் முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை. நாடகத்துக்கு ஹார்மோனியம் வாசிக்க மாத்திரம் ஒப்புக்கொண்டார்.

இதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. 1997 முதல் 1999 வரையில் தர்மபுரி ஜில்லாவில், டென்மார்க் தேசத்தின் உதவி பெற்ற சுகாதாரத் திட்டத்தின் கீழ், கலைப்பயணம் என்று ஒன்று நடத்தினார்கள். உள்ளூர் இளைஞர்களும் யுவதிகளும் பயிற்சி பெற்று, பாட்டும் கூத்துமாகக் கிராமம் கிராமமாகச் சென்றார்கள். சில வருஷங்களுக்கு முன் அறிவொளி இயக்கத்தார் எழுத்தறிவுக்காகப் போட்ட தெருப்பாதை அது. சிசுக்கொலை என்று நேராக ஆரம்பித்தால் ஊரார் எழுந்து போய்விடுவார்கள் அல்லவா? பெண் பிள்ளை பிறந்தது முதல் கல்யாணம் வரையில் அவள் படும் பாட்டையும், வரதட்சிணையையும், மாமியார் வீட்டையும் காட்டி, ஊராரையே பேசவிட்டார்கள். அதற்குப் பின் தர்மபுரியில் சிசுக்கொலை குறைந்ததை, அத்திட்டத்தை நடத்திய ஷீலா ராணி சுங்கத் அம்மையாரும் பொருளாதாரப் பேராசிரியர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். போலீஸும் வழக்கும் மட்டும் செய்யாத வேலையைக் கூத்துக்கும் கொஞ்சம் செய்ய முடிந்தது.

மாணவிகளை உட்கார வைத்து யானையின் தகராறையும் தர்மபுரிக் கதையையும் சொன்னோம். நாம் எழுதும் வரி நம்மிடமே இருக்காது, நாளைக்கு யார் வாயிலோ எதற்கோ போய் உட்காரும் என்பதை அவர்கள் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். பாட்டை எழுதிய பெண்ணுக்கு முதலில் முகம் வாடிற்று. இரண்டு நாளில் புதிய பாட்டோடு வந்தாள். சிசுவின் குரல் இப்போது இல்லை. மீனா பாடுகிறாள். கோழிகளை எண்ணினது போல் வகுப்பிலுள்ள பையன்களையும் பெண்களையும் எண்ணுகிறாள், கணக்கு உதைக்கிறது. காணாமற்போன பெண்கள் எங்கே என்று அப்பாவைக் கேட்கிறாள், அப்பத்தாவைக் கேட்கிறாள், நகை விலை பேசும் மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்கிறாள், ஸ்கேன் அறை வாசலில் நின்று கேட்கிறாள். அம்மாவை மட்டும் கேட்பதில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

திருடனைக் கண்டுபிடித்த பழைய கதையின் தர்க்கமே இதிலும் இருப்பதால், நாடகம் ஒட்டுப் போட்டதாகத் தோன்றவில்லை.

இதிலும் தொந்தரவு இல்லாமல் இல்லை. மாமியார் வேஷத்துக்கு நாலு பேர் போட்டியிட்டார்கள். கிளிக்கு ஆறு பேர். தகப்பன் வேஷத்துக்கு ஒரு பையனும் முன்வரவில்லை. "எங்க அப்பா முன் வரிசையில உட்காருவார் ஸார்" என்று ஒருவன் காரணம் சொன்னான். கடைசியில் பத்தாம் வகுப்பிலிருந்து ஒருவன், மீசை ஒட்டிக்கொள்ள அனுமதித்தால் வருவதாகச் சொல்லியிருக்கிறான், அனுமதித்துவிட்டோம். ஸ்கேன் அறைப் பலகையைத் தச்சர் செய்துகொண்டிருக்கிறார். பெரியகுளத்தில் தொங்கும் நிஜப் பலகையிலிருந்து வாசகத்தை ஒரு பெண் எழுத்துப் பிசகாமல் பெயர்த்து வந்திருக்கிறாள். பச்சைத் துணியும் வாங்கியாகிவிட்டது.