கோப்பியும் புகையிலையும்: தீர்ப்பு மாறியது ஏன்?



நம் வீட்டிற்கு வரும் விருந்தினருக்குக் கோப்பி கொடுத்து உபசரிக்கின்றோம். இதே கோப்பி ஒரு காலத்தில் புனித மக்காவில் தடைசெய்யப்பட்டிருந்தது.

பதினைந்தாம் நூற்றாண்டில் யெமன் நாட்டு ஸூபிகள் இரவு திக்ருக்காக விழித்திருக்கக் கோப்பி அருந்தினர். அவ்வழக்கம் மக்காவை அடைந்தபோது, இதுவும் போதைப்பொருளோ என்ற ஐயம் எழுந்தது. ஹிஜ்ரி 917இல், அதாவது 1511இல், மக்காவின் அதிகாரி காயிர் பேக் உலமாக்களையும் வைத்தியர்களையும் கூட்டி அதனைத் தடைசெய்தார். கெய்ரோவிலிருந்த ஸுல்தானோ அத்தடையை முழுமையாக ஏற்கவில்லை. கோப்பி அறிவை மயக்குவதில்லை என்பது தெளிவாகவே, காலப்போக்கில் ஐயம் நீங்கியது.

புகையிலையின் வரலாறு இதற்கு நேர்மாறானது. அது முஸ்லிம் நாடுகளை அடைந்தபோது உலமாக்கள் கருத்து வேறுபட்டனர். திமிஷ்க் நகரின் அப்துல் கனி அந்நாபுலுஸி (மறைவு 1731) போன்றோர் அது ஆகுமானதே என எழுதினர். அன்று அதன் தீங்கு வெளிப்பட்டிருக்கவில்லை. 1950இல் வெளிவந்த ஆய்வுகள் புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்குமுள்ள தொடர்பைக் காட்டின. பின்னர் அறிஞர் பலர் அதனை ஹராம் எனத் தீர்ப்பளித்தனர்.

மார்க்கம் மாறவில்லை, பொருளைப் பற்றிய அறிவே மாறியது. மயக்குகின்றதா, தீங்கிழைக்கின்றதா என்பதே என்றும் அளவுகோல்.

பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004இல் வெளியிட்ட நூல் கூறுகின்றது. நம் கல்யாண வீடுகளில் வெற்றிலைத் தட்டை நீட்டும் கைகள் இனியேனும் சற்றுத் தயங்கட்டும். அறிந்தபடி நடக்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.